மேல் ஊற்றில் குத்தாத ஊசி

மார்ச் 6

சிட்டு அப்பாவுக்கு,

உங்கள் புத்தகம் வந்து சேர்ந்தது. ஜீப்காரர் அதை முட்டைத் தட்டுகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார், அதனால் அட்டையெல்லாம் மஞ்சள் கரு. துடைத்துப் பார்த்தால் அட்டைப் படம் நம் ஊர்தான். பள்ளிக்கூடமும் அதன் பின்னால் என் கிழங்குக் கிடங்கும் தெரிகின்றன. மலைப்பகுதியின் நிலைத்த வாழ்வுக்கான முப்பதாண்டுத் திட்டம் என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். படிக்காமலே எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை.

கிடங்கில் விதைக்கிழங்கு மூட்டைகள் மேல் ஊரே உட்கார்ந்துகொண்டது. அண்ணன் என்னைப் படிக்கச் சொன்னார். நம் ஊருக்கான பக்கத்தை நான்தான் வாய்விட்டுப் படித்தேன்: "மூன்றாம் வகைக் குடியிருப்பு. கோடைகால நீர் போதாமையால் படிப்படியாகக் கீழே குடியமர்த்தப்பட வேண்டியது." அடுத்த ஆண்டிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை. சாலை சரிந்தால் திரும்பப் போட மாட்டார்கள். மின்கம்பம் விழுந்தால் விழுந்ததுதான்.

"படிப்படியான்னா எவ்வளவு நாளும்மா?" என்று ஆட்டுக்காரர் கேட்டார். "நாம சாகறதுக்குள்ள" என்றார் அண்ணன். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள், போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கோடையில் நாங்கள் எங்கே தண்ணீர் எடுக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியாதா? சிட்டு பிறந்த பிறகு அண்ணன் உங்களைக் கையைப் பிடித்து மேலே கூட்டிப் போகவில்லையா? பலகைக் கல்லைப் புரட்டி ஊற்றைக் காட்டவில்லையா? வெளியூர் மருமகனுக்கு முதல் குழந்தை பிறந்த பிறகுதான் அந்த இடத்தைக் காட்டுவது எங்கள் வழக்கம். அங்கே குனிந்து தண்ணீர் குடித்த மனிதர்தான் எங்களுக்குத் தண்ணீர் இல்லை என்று அச்சடித்திருக்கிறார்.

போன் செய்யாதீர்கள். சிக்னல் கிடைப்பது பஸ் திரும்பும் வளைவில் மட்டும்தான், அங்கே எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள். நம் சண்டையை அவர்கள் இலவசமாகக் கேட்க வேண்டாம். எழுதுங்கள்.

சிட்டு அம்மா

*

மார்ச் 15

சிட்டு அம்மாவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தது என் தப்பு. எதிர் மேசைக்காரர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டத்தை நீ மறந்துவிட்டாய், அல்லது மறந்த மாதிரி எழுதுகிறாய். நான்கு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, மேலே உங்கள் மலையின் வரைபடத்தை விரித்தேன். வயலுக்குப் பச்சை ஊசி, மண் சரியும் இடத்துக்குச் சிவப்பு ஊசி, தண்ணீருக்கு நீல ஊசி. நீல ஊசி டப்பாவை மச்சான் கையில் கொடுத்தேன். கீழோடையில் ஒன்று, பள்ளிக்கூடத்துத் தொட்டியில் ஒன்று குத்தினார். பிறகு டப்பாவை மூடிவிட்டார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். எங்கள் திட்டப் பிரிவு டைரக்டர் அம்மாவுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்த நீ, என் பக்கத்தில் வந்து என் காலை மிதித்தாய். மெதுவாகக்கூட இல்லை.

அதோடு விட்டீர்களா? மச்சான் பஞ்சப் பாட்டை ஆரம்பித்தார். "மேடம், கோடையில முகம் கழுவக்கூடத் தண்ணி கிடையாது. ரெண்டு தொட்டி கட்டிக் குடுத்தீங்கன்னா எங்க பிள்ளைங்க உங்க பேரைச் சொல்லும்." ஆட்டுக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டைரக்டர் அம்மா எழுதுவதை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார். நீங்கள் அதைப் பரிதாபம் என்று நினைத்தீர்கள். அவர் தொட்டி கட்டுகிறவர் அல்ல, தொட்டியில் ஊற்ற என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்.

கூட்டத்துக்கு முன்னால் நான் வீடு வீடாக வந்து சொன்னேன். இது தொட்டி கேட்கும் கூட்டம் இல்லை, எந்த ஊர் மலையில் இருக்கலாம், எந்த ஊர் இறங்க வேண்டும் என்று பார்க்கும் கூட்டம் என்றேன். "எல்லா அதிகாரியும் வரும்போது இப்படித்தான் பயமுறுத்துவாங்க, மாப்பிள்ளை" என்று மச்சான் என் தோளில் தட்டினார். இல்லை இல்லை என்று அழுதே வாங்கிப் பழகிவிட்டீர்கள். இந்த முறை அழுததை அப்படியே நம்பிவிட்டார்கள்.

இப்போதும் வழி இருக்கிறது. மே கடைசியில் கீழ் டவுனில் ஆட்சேபம் கேட்பார்கள். ஊர் சரி என்று சொன்னால் நானே அந்த நீல ஊசியைக் குத்துகிறேன். இரண்டாம் வகைக்கு வந்துவிடலாம்: ஊர் இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும், சாலை போடுவார்கள். ஆனால் திட்டத்தில் ஏறிய ஊற்று பொது ஊற்று. கீழ் டவுன் லாட்ஜ்காரர்கள் பங்கு கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

எதுவும் பிடிக்கவில்லை என்றால் இங்கே வாருங்கள். அச்சகத்துக்கு மேலே இரண்டு அறை. எந்திரம் ஓடினால் கட்டில் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் தெருமுனையில். மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

சிட்டுவின் அப்பா

*

ஏப்ரல் 2

திட்ட அலுவலர் அவர்களுக்கு,

ஊர் கூடியது. சொல்லக் கூடாது என்று முடிவாகிவிட்டது. "வெளிய சொன்ன ஊத்து நம்ம ஊத்து இல்ல" என்றார் அண்ணன், அதற்குமேல் பேச்சு எழவில்லை. கீழ் டவுன் லாட்ஜ்களில் ஆள் படுத்துக் குளிக்கிற தொட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஜீப்காரர் சொன்னார். கன்றுக்குட்டியையே போட்டுக் குளிப்பாட்டலாமாம். எங்கள் தண்ணீரில் யாரோ கால் நீட்டிப் படுத்திருப்பதை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது.

ஆனால் இரவெல்லாம் என்னை உறுத்துவது வேறு. உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி. மூன்று வருஷமாக எங்களைக் கீழே கூப்பிடுகிறீர்கள், நான் வரவில்லை. இப்போது அரசாங்கமே என்னை மூட்டை கட்டி உங்கள் அச்சகத்து மாடிக்கு அனுப்பி வைக்கிறது. கால் மிதித்தேன், ஒப்புக்கொள்கிறேன். பெண்டாட்டி மிதித்தால் வாயை மூடிக்கொள்கிற ஆளா நீங்கள்? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது மூடியிருக்கிறீர்களா? அன்றைக்கு மட்டும் எப்படி மூடினீர்கள்?

இதை எழுதாமல் இருக்கத்தான் நினைத்தேன். எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப்போவதில்லை.

ஊற்றைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக் கூடாது. ஊர் இதை உங்களிடம் சொல்லச் சொன்னது. நானும் சொல்கிறேன்.

சிட்டுவுக்குக் காய்ச்சல் வந்து தணிந்துவிட்டது.

*

ஏப்ரல் 20

சிட்டு அம்மாவுக்கு,

காய்ச்சல் வந்ததைக் கடைசி வரியில் எழுதுகிறாய். மருந்து கொடுத்தாயா, என்ன காய்ச்சல், ஒன்றும் இல்லை. இதுவும் ஒரு தண்டனை என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் கேள்விக்குப் பதில். நான் அன்றைக்கு வாயை மூடியது உங்கள் ஊருக்குப் பயந்து. பத்து வருஷமாக உங்கள் வீட்டில் எனக்கு முதலில் பரிமாறுவார்கள், முக்கியமான பேச்சு வந்தால் நிறுத்திக்கொள்வார்கள். மேல் ஊற்றைக் காட்டிய நாளில்தான் மச்சான் என்னை முதல்முதலாக "நம்ம ஆளு" என்றார். அந்த இரண்டு வார்த்தையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. உன்னைக் கீழே இழுக்கத் திட்டம் போடும் அளவுக்கு நான் கெட்டிக்காரனாக இருந்தால் மூன்று வருஷம் தனியாக ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

போன வாரம் டைரக்டர் அம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் மலை முழுக்கத் தெர்மோகோலில் செய்து வைத்திருக்கிறார்கள், உங்கள் ஊர் என் கட்டைவிரல் அளவு. அதற்கு மேலே இருந்த மடிப்பில் பென்சிலை வைத்தார்.

"இந்தச் சரிவோட அமைப்பைப் பார்த்தா மேல ஒரு ஊத்து இருக்கணும். நீங்க அந்த ஊர் மாப்பிள்ளை. இருக்கா, இல்லையா?"

"இல்லை மேடம்" என்றேன்.

"எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மலைக்காரர்களை மலையிலேயே வைத்துக்கொள்ள ஒரு திட்டம் வேண்டும் என்றுதான் நான் இந்த வேலைக்கு வந்தேன். நாற்பத்தோரு ஊருக்குச் சரியாகச் செய்தேன். எந்தச் சரிவில் வீடு கட்டலாம், எந்தக் காட்டைத் தொடக் கூடாது, மழை குறைந்தால் எதைப் பயிரிடலாம், எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன். அந்தப் புத்தகத்தில் இருக்கும் ஒரே பொய் உன் ஊர். ஊர் என்னை நம்பட்டும். நீ நம்புகிறாயா என்று இனி கேட்க மாட்டேன்.

சிட்டுவை ஆஸ்பத்திரிக்குக் காட்டு.

*

ஜூன் 12

சிட்டு அம்மாவுக்கு,

இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. இப்போது ஏன் என்று தெரிகிறது.

ஆட்சேபம் கேட்கும் நாளில் என்னைக் கீழ் டவுனுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் சொந்தக்காரர்கள் ஊரும் பட்டியலில் இருக்கிறதல்லவா. மறுநாள் டைரக்டர் அம்மா என் மேசைக்கே வந்து நின்றார். அவர் யார் மேசைக்கும் வருகிறவர் அல்ல.

"உங்க வீட்டம்மா ரொம்பத் தெளிவாப் பேசினாங்க. கதவைச் சாத்தச் சொல்லிட்டு, ஊத்து எங்க இருக்குன்னு வரைபடத்தில விரலை வெச்சுக் காட்டினாங்க. ஊருக்குப் பாதி முதல்ல, மிச்சம்தான் மத்தவங்களுக்குன்னு எழுதி வாங்காம எழுந்திரிக்கல." பிறகு குரலைக் கொஞ்சம்கூட உயர்த்தாமல், "நீங்க இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்க" என்றார்.

பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன். திட்டப் பிரிவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது கீழ்த்தளத்தில் பழைய வரைபடங்கள் வைக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். கரையான் மருந்து வாசனையில் மத்தியானச் சாப்பாடு இறங்குவதில்லை. விசாரணை முடியும்வரை இங்கேதான்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று மச்சான் போன் செய்தார். வளைவில் நின்றுதான் பேசினார், பின்னால் ஊர்ச் சத்தம் கேட்டது. அளவுக்காரர்கள் குழாய்க்கு அளவெடுக்க வந்து நேராகப் பலகைக் கல்லுக்கே போனார்களாம். "ஊத்தைக் காட்டின என் கையை நான்தான் வெட்டிக்கணும். இனிமே இந்த மலையில உன் கால் பட்டா நடக்கிறது வேற" என்றார். என்னை ஒருமையில் பேசியது இதுதான் முதல் தடவை. நீ அவர்களிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று தெரியாததால் நான் ஒன்றும் பேசவில்லை. போனை அவரே வைத்தார்.

என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

அடுத்த மாதம் விடுப்பில் வருகிறேன். கிடங்கில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிடலாம். நீ செய்தது சரிதான், நான் பக்கத்தில் நிற்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால் ஊர் நாலு நாள் கத்திவிட்டு அடங்கும்.

*

ஜூன் 25

சிட்டு அப்பாவுக்கு,

வராதீர்கள்.

நான்தான் சொன்னேன். விதைக்கிழங்கு விலை பேசப் போகிறேன் என்று பொய் சொல்லி ஜீப்பில் ஏறினேன். ஏன் என்று சொல்கிறேன். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடத்து டீச்சருக்கு மாற்றல் வந்தது. அதற்குள் வளைவுக்குக் கீழே இருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். மூன்றாம் வகை ஊரில் விதைக்கிழங்கு வாங்க இனி யார் வருவார்கள் என்று கேட்டார்கள். போகும்போது வாசல் கதவைக் கழற்றி ஜீப் மேல் கட்டினார்கள். கதவு இல்லாத வீட்டுக்குள் எங்கள் ஆடுகள் போய்ப் படுத்தன. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே "ஊத்து பத்திரமா இருக்கு" என்றார். அந்த நிமிஷம் அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது. ஊரே இறங்கிப் போன பிறகு ஊற்றை யாருக்குப் பத்திரமாக வைக்கிறார்? பாதித் தண்ணீரோடு இருந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

அளவுக்காரர்கள் பலகைக் கல்லைப் புரட்டியபோது நானும் கூட்டத்தில் நின்றேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அண்ணன் உங்கள் பேரைச் சொல்லிவிட்டார். ஊரே ஆமாம் என்றது. வெளியூர்க்காரனுக்குக் காட்டியதே தப்பு என்றார்கள். முதல் நாள் பயத்தில் பேசாமல் இருந்தேன். மறுநாள் யோசித்துத்தான் பேசாமல் இருந்தேன்.

இங்கே யாரும் கை நீட்டி அடிக்க மாட்டார்கள், உங்களுக்கே தெரியும். பேச்சை நிறுத்துவார்கள். என் கிடங்குக்கு ஒரு மூட்டை வராது. சிட்டுவோடு ஒரு பிள்ளை விளையாடாது. நான் காப்பாற்றிய ஊரில் நானே இருக்க முடியாது என்றால் எதற்காகக் காப்பாற்றினேன்? உங்களுக்கு அறை இருக்கிறது, வேலை இருக்கிறது, எப்படியோ ஓடும். எனக்கு இதைத் தவிர வேறு இடம் கிடையாது.

ஏப்ரலில் உங்களைச் சந்தேகப்பட்டு எழுதினேன். எனக்காகப் பொய் எழுதிக் கொடுத்தீர்கள் என்று படித்த அன்று கிடங்கில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அப்படி அழுதுவிட்டும் இதைச் செய்தேன். என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

*

ஜூலை 8

சிட்டு அம்மாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை கிழிக்கப் போனேன். கேட்டிருந்தால் நானே பழியை ஏற்றிருப்பேன். கேட்காமல் எடுத்துக்கொண்டாய். மச்சான் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவருக்குத் தெரியாது. உனக்கு எல்லாம் தெரியும்.

மச்சானுக்கு நேற்று எழுதிப் போட்டுவிட்டேன். நான்தான் சொன்னேன், ஊர் நன்மைக்கென்று நினைத்துச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். இனி யாரும் உன் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நிம்மதியாகக் கிழங்கு நிறு.

பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். சிட்டுவிடம் உண்மையைச் சொல்லிவிடு. ஊர் என்னைத் துரோகி என்று சொல்லிக்கொள்ளட்டும், அவளும் அப்படி நினைத்து வளரக் கூடாது. இதை மட்டும் செய். பணம் மாதாமாதம் வரும், வேறு எதற்கும் எழுத மாட்டேன்.

*

ஆகஸ்ட் 19

சிட்டு அப்பாவுக்கு,

இரண்டாம் வகை என்று மாற்றி அச்சடித்த தாள் வந்துவிட்டது. சாலை வேலை வளைவு வரை வந்திருக்கிறது. பாதித் தண்ணீர் குழாயில் இறங்குகிறது, இரவில் காது வைத்தால் சத்தம் கேட்கிறது. உங்கள் கடிதத்தை அண்ணன் கிடங்கில் எல்லோர் முன்னாலும் படித்தார். பாதியில் நிறுத்தி, "இதையாவது ஆம்பளையா ஒத்துக்கிட்டான்" என்றார். பிறகு என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

சிட்டுவிடம் சொல்வதென்று இரண்டு தடவை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவளுக்கு எட்டு வயது. காலையில் கேட்டதை மத்தியானத்துக்குள் மூன்று வீட்டில் சொல்லிவிடுவாள். பெரியவளானதும் சொல்லலாம் என்று உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். ஆனால் பெரியவளான பிறகும் அவள் இந்த ஊரில்தான் இருப்பாள், நானும் இருப்பேன். அதனால் அப்படி எழுதி உங்களை ஏமாற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடத்தைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். புது டீச்சர் முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையிடமும் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். சிட்டு எழுந்து, "எனக்கு அப்பா கிடையாது டீச்சர்" என்றாளாம். சாயங்காலம் டீச்சர் பாவம் பார்த்து, "அவளுக்கு அப்பா இல்லையாமே?" என்று என்னிடம் விசாரிக்க வந்தார். பின்னால் அண்ணன் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.